தானாக உடைந்த கரை

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் ஒரு பெயர்ப்பலகை, ஒரு வேப்பமரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு. வேறு ஒன்றும் கிடையாது. காலை ஆறு பத்துக்கு ஒரு பாசஞ்சர் தஞ்சாவூர் பக்கம் போகும். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வரும். நிற்பது ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் என் மகளைத் தஞ்சாவூரில் நர்சிங் சேர்த்தேன்.

நான் இந்த ஊர்த் தபால் நிலையத்தை நடத்துகிறவள். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம், ஒரு மகள், ஒரு தபால் நிலையம் எல்லாம் என் தலையில்தான். இது போதாதென்று ஊருக்கு மனு எழுதிக்கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. தெருவிளக்கு எரியவில்லை, பட்டாவில் பெயர் தப்பு, ரேஷனில் அரிசி சரியில்லை என்று எதற்கும் என்னிடம் வருவார்கள். "போஸ்ட்மாஸ்டரம்மா எழுதினா நிக்கும்" என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் அதுதான்.

அந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. காற்று எங்களைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மழைதான் விடாமல் கொட்டியது. சம்பா தொண்டைக்கதிரில் இருந்தது, அதாவது கதிர் இன்னும் வெளியே வராமல் பயிரின் கழுத்துக்குள்ளேயே நிற்கிற பருவம். அப்போது நான்கைந்து நாள் தண்ணீரில் மூழ்கினால் அந்த வருட விவசாயம் அவ்வளவுதான். வயல் தண்ணீரை வாங்கிக்கொண்டு போக வேண்டிய வடிகாலோ ஆகாயத்தாமரை அடைத்துக் கரை முட்ட நின்றது. அதைத் தூர்வாரச் சொல்லி வைகாசியிலேயே மனு எழுதியிருந்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டிருக்கும்போதே மழைக்காலமும் வந்துவிட்டது.

நான்காம் நாள் மதியம் ஊர் கூடி முடிவெடுத்தது. வடிகாலின் கீழண்டைக் கரையை வெட்டிவிடுவது. அந்தப் பக்கம் தரிசு, தரிசைத் தாண்டி ரயில் பாதை. தண்ணீர் தரிசில் பரவி, பாதைக்கு அடியில் இருக்கும் ஒற்றைக்கண் பாலம் வழியாக அப்பால் போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

கரை வெட்டுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். எல்லோரும் கரைமேல் வரிசையாக நிற்க வேண்டும். ஒருவர் மூன்று எண்ணுவார். மூன்றாவது எண்ணில் எல்லா மண்வெட்டியும் ஒன்றாக இறங்க வேண்டும். முதல் வெட்டு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு அதிகாரி வந்து விசாரித்தாலும், "தானா உடைஞ்சதுங்க" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

எங்கள் வீட்டில் ஆள் என்றால் நான்தான். பாசனச் சங்கத் தலைவர் என்னைக் கரையில் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"தங்கச்சி, நீங்க சும்மா நில்லுங்க. உங்க பங்குக்கும் சேர்த்து நானே ரெண்டு வெட்டு வெட்டிடறேன்."

"எங்க வீட்டு ஆளு நான்தான் அண்ணே. கொஞ்சம் நகருங்க, எடம் விடுங்க."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். அவரே எண்ணினார். மூன்றுக்கு என் மண்வெட்டியும் இறங்கியது. பெருமையாகத்தான் வெட்டினேன். அரைமணி நேரத்தில் கரை வாயைத் திறந்துகொண்டது. இருட்டுவதற்குள் வயலில் பயிரின் நுனி தெரிய ஆரம்பித்தது. சில பேர் விசிலடித்தார்கள்.

மழைக்காக நிறுத்தி வைத்திருந்த பாசஞ்சரை மறுநாள் காலையிலிருந்து விடுவதாக அறிவித்திருந்தார்கள். மகள் வெள்ளைச் சீருடையோடு நிலையத்துக்குப் போனவள் கொஞ்ச நேரத்தில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள்.

"அம்மா, பாலத்துக்கிட்ட மண்ணே இல்லம்மா. தண்டவாளம் அந்தரத்துல தொங்குது. கேங்மேன் செவப்புத் துணியோட நிக்கிறாரு."

போய்ப் பார்த்தேன். பாலம் அசையாமல்தான் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் இருந்த மேட்டைத்தான் காணவில்லை. தண்டவாளம் துணி காயப்போடும் கொடி மாதிரி ஸ்லீப்பர்களோடு தொய்ந்து தொங்கியது. எங்கள் தண்ணீர் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. தண்டவாளத்தைச் சோதிக்கிற அந்தக் கேங்மேன் விடியும் முன்பே நடந்து வந்து பார்க்காமல் இருந்திருந்தால் காலைப் பாசஞ்சர் அங்கே கவிழ்ந்திருக்கும். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அன்று பகலிலேயே வெட்டிய இடத்தில் மூங்கில் அடித்து, மணல் மூட்டை போட்டு, களிமண் அப்பி, மேலே புல்லோடு பெயர்த்த மண் பத்தையும் பதித்துவிட்டோம். அதற்கும் வீட்டுக்கு ஓர் ஆள்.

இரண்டு நாள் கழித்து ரயில்வே இன்ஜினியர் வந்தார். முழங்கால் வரை சேறு, கையில் ஒரு நோட்டு. ஊர்க்காரர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றோம்.

"இத்தனை தண்ணி எங்கேர்ந்துங்க வந்துச்சு? இந்தப் பாலம் எத்தனையோ மழையைப் பாத்துடுச்சே" என்றார்.

"வடிகால் கரை தானா உடைஞ்சுபோச்சுங்க சார்" என்றார் சங்கத் தலைவர்.

இன்ஜினியர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பாதையைச் சரிசெய்ய வந்த ரயில்வே ஆட்களைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். இடுப்பளவு சேற்றில் நின்று மூட்டை அடுக்கினார்கள், மண் கொட்டினார்கள், ஜல்லி பரப்பினார்கள். மார்கழி பிறந்த கொஞ்ச நாளில் ஒரு சரக்கு ரயில் அந்த இடத்தில் ஊர்ந்து போனது. ஊரே நின்று கைதட்டியது. சரக்கு ரயில் போய்விட்டால் பாசஞ்சருக்கு என்ன தடை, நாளைக்கே வந்துவிடும் என்று நினைத்தோம். மறுநாள் நிலையத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை பாசஞ்சர் ரத்து.

மறு அறிவிப்பு என்றால் எப்போது என்று கேட்டு நான் போன் செய்யாத நாள் கிடையாது. ஒருநாள் எடுத்தவர் "மேலிடத்துல கேட்டிருக்கோம்" என்பார். அடுத்த நாள் எடுத்தவர் எந்த ஊர் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஒருவர் மட்டும் பொறுமையாக, "சரக்கு ரயில்ல மனுசங்க இல்லங்க. பாசஞ்சர்ல இருக்காங்க. பாலத்துக்கு சர்டிபிகேட் வேணும்" என்றார். அவரிடமும் சண்டைதான் போட்டேன்.

என் மகளுக்கு வார்டு டூட்டி ஏழரை மணிக்கு. ரயிலில் போனால் ஏழு மணிக்கெல்லாம் தஞ்சாவூரில் இருப்பாள். ரயில் இல்லையென்றால் எங்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான். அது டவுனில் இறக்கிவிடும். அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது ஒன்பது தாண்டியிருக்கும். தாமதமாக வந்தால் வார்டுக்குள் விட மாட்டார்கள், ஆப்சென்ட். நடு வருடத்தில் ஹாஸ்டலில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஒரு தோழி வீட்டில் நான்கைந்து நாள் தங்கினாள். அந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்ததும் இவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மூன்றாம் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வார்டில் நின்றாக வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. மாசிக் கடைசிக்குள் அது முடியவில்லையென்றால் பரீட்சை எழுத முடியாது. அவள் ஒரு காலண்டரில் வார்டுக்குப் போன நாளுக்கெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மார்கழியில் வட்டத்தைத் தேட வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்த மனுவை எழுதினேன். நான்கு பக்கம். படிக்கிற பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற பெண்கள் என்று ஒவ்வொருவரின் கஷ்டத்தையும் எழுதினேன். படித்துக் காட்டியபோது சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் தலையில் கொஞ்சம் பழி வைத்தால் சீக்கிரம் நகருவார்கள் என்று, எனக்கு வருகிற மிடுக்கான நடையில் மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி சேர்த்தேன்: "சாதாரண மழைக்கே வடிகாலின் கரை தானாக உடைந்து, தங்கள் பாலம் தாங்க இயலாத அளவு வெள்ளம் வந்ததிலிருந்து அப்பாலம் போதுமானதன்று என்பது தெளிவாகிறது."

ஊரே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. "இதுக்கு மேல எவன் எழுதுவான்?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தை வந்தது. அறுவடை நன்றாகவே இருந்தது. வெட்டிக் காப்பாற்றிய பயிர் அல்லவா? கொள்முதல் நிலையத்துக்குப் போன நெல் அப்புறம் சரக்கு ரயிலில் ஏறிற்று. சாயங்காலங்களில் தபால் நிலைய வாசலில் நின்று பார்ப்பேன். அந்தப் பாலத்தின் மேல் வேகன் வேகனாக எங்கள் நெல் போனது. என் பெண்ணால்தான் போக முடியவில்லை. சில நாள் பார்க்கப் பொறுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாசி முதல் வாரத்தில் பதில் வந்தது. நீளக் கவர். பிரித்துப் படித்தேன். முதல் தடவை புரியவில்லை, இரண்டாவது தடவை நன்றாகவே புரிந்தது. தாங்கள் மனுவில் குறிப்பிட்டுள்ளபடி, சாதாரண மழைக்கே அந்த அளவு நீர் வரக்கூடும் என்பதாலும், பாலம் போதுமானதன்று என்று ஊர்மக்கள் அனைவரும் கையொப்பமிட்டுத் தெரிவித்துள்ளதாலும், நீர்வரத்து ஆய்வு முடிந்து பாலம் அகலப்படுத்தப்படும் வரை பயணிகள் ரயில் இயக்குவது பாதுகாப்பானதாக இராது. அடியில் கையெழுத்து. தலையில் அடித்துக்கொண்டேன். நான் எழுதின வரியை எடுத்து என்னிடமே நீட்டியிருந்தார்கள். நான் எழுதினது பொய் என்று ஒப்புக்கொள்ளாதவரை அவர்கள் சொல்வது நியாயம்தான்.

மகள் அன்று வகுப்பு முடிந்து இரவு எட்டு மணிக்கு இரண்டு பஸ் மாறி வந்தாள். கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"கரை தானா உடைஞ்சுதுன்னு நீயாம்மா எழுதின?"

"ஊரே அப்படித்தானே சொல்லுச்சு."

"சொன்னது ஊரும்மா. எழுதினது நீ."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தைக் கூட்டச் சொன்னேன். கடிதத்தைப் படித்துக் காட்டி, விஷயத்தை உடைத்தேன். பாலத்தில் கோளாறு இல்லை, கரையை வெட்டினதால் வந்த தண்ணீர் அது என்று எழுதிக்கொடுத்தால் ஆய்வும் வேண்டாம், அகலப்படுத்தவும் வேண்டாம், ரயில் வந்துவிடும் என்றேன். சங்கத் தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கேசு போட்டுட்டாங்கன்னா, தங்கச்சி?"

"எல்லாரும் சேர்ந்துதானே அண்ணே வெட்டுனோம். மூணு எண்ணி வெட்டுன மாதிரி, மூணு எண்ணிக் கையெழுத்தும் போட்டுடுவோம். யாரு மொதல்ல போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?"

சிலர் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி. ஒருவருக்குப் பையன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான். இன்னொருவருக்கு பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையில் இருக்கிறது. வேறொருவர், "பஸ்ஸு போவுதுல்ல, கொஞ்சம் சுத்து, அவ்வளவுதானே" என்றார். அவர் ரயிலில் போயே நான் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தள்ளிவிட்டுவிட்டேன். அதைத் துடைக்கிற சாக்கில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கணவருக்குப் போன் செய்தேன். "வேலைக்கு ஏதாவது ஆயிடப்போவுதுடி" என்றார். பிறகு, "உனக்கு என்ன தோணுதோ செய்யி" என்றார். உண்மையை எழுதிவிட வேண்டும் என்றுதான் இருவருக்கும் தோன்றியது. அவருக்கு அதைத் தன் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். மற்ற வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுத எனக்கு உரிமையும் கிடையாது. வடிகாலின் கீழண்டைக் கரையை இன்ன இடத்தில் வெட்டினோம், எங்கள் வீட்டிலிருந்து வெட்டியவள் நான், பாலத்தைப் பற்றி நான் முன்பு எழுதியது தவறு என்று எழுதினேன். எங்கள் தபால் நிலையத்திலேயே முத்திரை குத்தினேன். எத்தனையோ வருடமாகக் குத்துகிற முத்திரைதான், அன்றைக்குத் தேதி கோணலாக விழுந்தது.

நான்காம் நாள் அதே இன்ஜினியர் வந்தார். கரையில் நான் காட்டிய இடத்தில் புல் பத்தையைக் காலால் தள்ளிப் பார்த்தார். மூங்கில் தலை தெரிந்தது. நீளம் அளந்தார், படம் எடுத்தார், என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். தூரத்தில் வரப்பில் நான்கைந்து பேர் நின்று பார்த்தார்கள். பக்கத்தில் யாரும் வரவில்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "எங்களுக்கும் சந்தேகம்தாம்மா. ஆனா ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கு, அதைத் தாண்டி நான் என்ன எழுதறது? நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா மார்கழியிலயே வண்டியை விட்டுருப்போம்."

அத்தனை நாள் போனில் யார் யாரையோ திட்டித் தீர்த்திருந்தேன். அந்தத் திட்டெல்லாம் விலாசம் மாறிப் போயிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. தபால்காரிக்கு இதைவிட என்ன கேவலம் வேண்டும்?

மாசிக் கடைசியில் கல்லூரியில் பட்டியல் ஒட்டினார்கள். மகளின் பெயர் நேரம் போதாதவர்கள் பட்டியலில் இருந்தது. கூடப் படித்தவர்கள் பரீட்சை எழுதுவார்கள், இவள் ஆறு மாதம் கழித்து அடுத்தவர்களோடு எழுத வேண்டும். அதற்குள் விட்டுப்போன வார்டு நாட்களை நின்று முடிக்க வேண்டும். போனில்தான் சொன்னாள். அழவில்லை. "சரி, பஸ் வந்துடுச்சு, வெச்சிடறேன்" என்றாள். நான் அழுதேன்.

பங்குனி இரண்டாம் வாரத்தில் பாசஞ்சர் வந்தது. ஊர் நிலையத்தில் திரண்டிருந்தது. இன்ஜினுக்கு மாலை போட்டு, டிரைவருக்கு சால்வை போர்த்தி, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். சங்கத் தலைவர் பெட்டிவாசலில் நின்ற கார்டிடம் என்னைக் காட்டி, "இந்தம்மா எழுதுன மனுவாலதாங்க வண்டியே வந்துச்சு. நாலு பக்கம்! ஊரே கையெழுத்து" என்றார். உண்மையாகவே அப்படி நம்புகிற முகத்தோடுதான் சொன்னார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஒரு நிமிடம்தான் நின்றது. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

அன்று பத்தரை மணி பஸ்ஸில் வந்த தபால் பையைப் பிரித்தால் உள்ளே எனக்கே ஒரு பதிவுத் தபால். வடிகால் கரையைச் சேதப்படுத்தியதற்காக என்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். எங்கள் கிளையில் பட்டுவாடா செய்ய வேறு ஆள் கிடையாது. இப்போதெல்லாம் போனில்தான் கையெழுத்து வாங்குகிறோம். கொடுப்பவளாகப் பதிந்துவிட்டு, பெற்றுக்கொள்பவளாகவும் விரலால் கிறுக்கினேன்.

ஸ்டாம்பு வாங்க வந்த சங்கத் தலைவர் கவரைப் பார்த்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, கவர்மெண்ட் கவரா இருக்கு?"

"கரை வெட்டுனதுக்கு விளக்கம் கேட்டிருக்காங்க அண்ணே."

"எத்தனை பேரு பேரு போட்டிருக்கு?"

"ஒண்ணு."

மூச்சை விட்டார். அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், முகம் சுருங்கிப்போயிற்று. "ஒண்ணும் ஆவாது தங்கச்சி. நல்லா விளக்கமா ஒரு பதிலை எழுதிப் போட்டுடுங்க. நீங்க எழுதினா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டாம்பை மறந்துவிட்டுப் போனார்.

மகள் சாயங்காலம் ஆறரை ரயிலில் வந்து இறங்கினாள். கார்த்திகைக்குப் பிறகு கல்லூரிக்குப் போன எந்த நாளும் அந்த நேரத்துக்கு அவள் திரும்பி வந்ததில்லை. நோட்டீசைப் படித்தாள். நான் அதற்குள் பதிலுக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வடிகால் தூர்வாரப்படாதது, வைகாசியில் நான் கொடுத்த மனு, உழவர் படும் பாடு என்று எல்லாம் நன்றாக வந்திருந்தது. அதையும் படித்தாள். நான்காக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுத் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"நான் எழுதறேன்மா. நீ எழுதினா ரொம்ப நல்லா எழுதிடுவ."

வெட்டினது நான்தான் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் மூன்று வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.